பிரம்பு வசனம்: வேதத்தை வாசித்துத் தாமே முடிவெடுக்கப் பழகுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். ஒருநாள் சங்கீதம் 23 வாசிக்கும் முறை என் மகனுக்கு வந்தது. அப்போது அவனுக்கு ஏழு வயது. கணக்கு நோட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்ததற்காக அன்று சாயங்காலம்தான் மர ஸ்கேலால் கெண்டைக்காலில் இரண்டு அடி போட்டிருந்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் காலில் சிவந்த தடம் தெரிந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவன் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். "அம்மா, கோல்னா கம்புதான? கம்பு எப்படித் தேத்தும்?"

எனக்குப் பதில் வரவில்லை. என் மாமியார்தான் சொன்னார்கள்: "அடிச்சு வளத்தாத்தான் மக்களே பிள்ளை உருப்படும். வேதத்துலயே இருக்கு." இருக்கிறதுதான். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்", நீதிமொழிகள் 13:24. ஓய்வுநாள் பள்ளியில் நான் மனப்பாடம் செய்து, பிறகு அதே ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம்.

அந்த ஒரு வசனத்தை ஒழுங்காகப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்ற முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேதத்தை ஒதுக்கிவிட்டு வாழச் சொல்லி நான் எழுதவில்லை. இன்றும் காலையில் முதலில் திறப்பது அதைத்தான். வேதம் சொல்வதை அது சொல்கிறபடியே கேட்கவேண்டும். கேட்டபின் நாம் எடுக்கும் முடிவு நம்முடையது என்று ஒத்துக்கொள்ளவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தேவைப்படுபவை அதிகமில்லை. ஓரத்தில் ஒத்தவாக்கியங்கள், அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள், அச்சிட்ட வேதாகமம் ஒன்று. வேறொரு மொழிபெயர்ப்பு ஒன்று. நாம் சபையில் வாசிப்பது 1871ல் வந்த பழைய திருப்புதல், அதோடு 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் அரைமணி நேரம்.

முதல் படி: கேள்வியை எழுதிவிட்டு வேதத்தைத் திறங்கள்

இதைத் தலைகீழாகச் செய்வதுதான் நம் வழக்கம். முடிவை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வசனம் தேடுவோம். நான் நோட்டில் முதலில் எழுதியது "பிள்ளைகளைச் சிட்சிப்பது பற்றி வேதம் என்ன சொல்கிறது?" என்று. அது பிரசங்கத் தலைப்பு மாதிரி இருந்தது. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "சாயங்காலம் நான் அவனை அடித்தது சரியா?" இப்படி எழுதும்போது கை கூசும். கூசுகிற கேள்விதான் சரியான கேள்வி. கடன் வாங்கி வீடு கட்டலாமா, மகள் கேட்கிற மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளலாமா, குடிக்கிற கணவரோடு தொடர்ந்து இருக்கத்தான் வேண்டுமா, எதுவானாலும் உங்கள் வீட்டில் நடக்கிறபடியே எழுதுங்கள்.

இரண்டாம் படி: அது வேதத்தில்தான் இருக்கிறதா?

"முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்." "அடியாத மாடு படியாது." "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்." இவை மூன்றும் எங்கள் வீட்டில் 13:24ஐச் சொல்லும் அதே குரலில் சொல்லப்படும். நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் குடும்பத்தில் கம்பு வேதாகமத்துக்கு முன்பே வந்திருக்கிறது. வேதம் அறியாத எங்கள் முப்பாட்டன்மாரும் பிள்ளைகளை அடித்துத்தான் வளர்த்திருப்பார்கள். பழக்கம் முதலில், வசனம் பிறகு வந்து அதற்குத் துணை நின்றது. உங்கள் கேள்விக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள்: வேதத்தில் இருப்பது எது, ஊர்ப் பழமொழி எது, அப்பா சொன்னது எது, பிரசங்கத்தில் கேட்டது எது என்று. பாதி விஷயங்கள் இந்த இடத்திலேயே வேதத்தை விட்டு வெளியே போய்விடும்.

மூன்றாம் படி: முன்னும் பின்னும் வாசியுங்கள்

வசன எண்கள் மூலத்தில் கிடையாது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர், ஆண்டு 1551. தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று போட்ட எண்கள். நாமோ ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பிய்த்து எடுத்து அட்டையில் அச்சடித்துவிட்டோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்திருப்பீர்கள். எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." என்று தொடங்கும் வசனம். வேலைக்கும் விசாவுக்கும் கல்யாணத்துக்கும் காத்திருக்கிறவர்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் தொங்குவது. அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். 10ஆம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5ஆம் வசனம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்கிறான். அவனைப் பொய்யன் என்கிறார் எரேமியா. சீக்கிரம் நடக்கும் என்று நம்பாதீர்கள் என்பதற்காக எழுதப்பட்ட கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து, சீக்கிரம் நடக்கும் என்பதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அட்டையை இன்னும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். முழு அதிகாரத்தையும் வாசித்தபின் அது எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

இஸ்லாமியத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அவர்களிடையேயும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு என்றாள். குர்ஆனில் 107:4ஐ மட்டும் வாசித்தால் தொழுகிறவர்களுக்குக் கேடு என்று வரும். தங்கள் தொழுகையில் பொடுபோக்காக, அதாவது கவனமில்லாமல், இருப்பவர்களுக்கு என்று அடுத்த வசனத்தில்தான் முடியும்.

நான்காம் படி: சொல்லைத் தேடுங்கள்

மகன் கேட்ட கேள்விக்கு இந்தப் படியில்தான் வழி திறந்தது. எங்கள் சபையில் வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரெயம் படித்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். நீதிமொழிகள் 13:24ல் "பிரம்பு" என்று வருவதும் சங்கீதம் 23:4ல் "கோல்" என்று வருவதும் மூலத்தில் ஒரே சொல், ஷேவெட் என்றார். தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டதால் நமக்குத் தெரியாமல் போயிற்று. என் பையன் இரண்டையும் கம்பு என்று சேர்த்துப் பார்த்தது சரிதான்!

அன்றிரவு அவர் குறித்துக்கொடுத்த இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஆதியாகமம் 49:10ல் யூதாவை விட்டு நீங்காத "செங்கோல்" அதே சொல். லேவியராகமம் 27:32ல் ஆடுமாடுகளை எண்ணிப் பத்தில் ஒன்றைப் பிரிக்கும்போது அவை கடந்துபோகிற கோலும் அதே சொல். ராஜாவின் கையில் இருப்பது, மேய்ப்பன் கையில் இருப்பது, ஆட்டை எண்ணுவதற்கு நீட்டிப் பிடிப்பது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரம்பு என்றால் அடிக்கிற பிரம்பே அல்ல, வழிகாட்டுகிற கோல். ஆகவே வேதம் அடிக்கச் சொல்லவேயில்லை என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். பிள்ளை வளர்ப்பு பற்றிய பிரசங்கங்களிலும் இந்த விளக்கத்தைக் கேட்கலாம்.

எபிரெயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இந்தப் படியைச் செய்யலாம். இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சொல் மாறுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். எபேசியர் 6:5ல் நம் பழைய திருப்புதல் "வேலைக்காரரே" என்கிறது. கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு அடிமை என்று பொருள். சம்பளம் வாங்குகிற ஆளுக்கும் விலைக்கு வாங்கப்பட்ட ஆளுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகிறது.

ஐந்தாம் படி: உங்களுக்குப் பிடித்த பொருளைச் சந்தேகியுங்கள்

இதுதான் கடினமான படி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குவார்கள். நானும் இங்கேதான் விழுந்தேன்.

என் கண்டுபிடிப்பை எங்கள் போதகரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "23ஆம் அதிகாரத்தையும் வாசிச்சிட்டு வாங்கம்மா" என்றார். நீதிமொழிகள் 23:13: "பிள்ளையைத் தண்டியாமல் விடாதே, அவனைப் பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்." அங்கேயும் ஷேவெட்தான். யாத்திராகமம் 21:20ல் எஜமான் தன் அடிமையை அடிக்கிற கோலும் ஷேவெட்தான். அடித்தால் சாகமாட்டான் என்று சொல்கிற வசனத்தை வழிகாட்டும் கோல் என்று எப்படி மாற்றுவது? அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் பிள்ளையைக் கம்பால் அடிப்பதைத்தான் சொன்னார்கள். வேறு இடங்களில் அந்தச் சொல் மென்மையாக வருவது உண்மை. இந்த இடத்தில் அது மென்மையாக இல்லை என்பதும் உண்மை.

அடிக்கோடு போட்ட வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: "வேதம் அடிக்கச் சொல்கிறது." எழுதும்போது அழுகை வந்தது. ஆனால் அந்த வரிக்குப் பிறகுதான் நான் உண்மையில் யோசிக்கவே ஆரம்பித்தேன். அதுவரை என் முடிவை வேதத்தின் வாயில் போட்டு, அது சொன்னதாகச் சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அடிக்கிறவர்கள் செய்வதையே நான் மறுபக்கத்திலிருந்து செய்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் வேதம் சொல்வது, உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். வலது பக்கம் நீங்கள் நினைப்பது. இரண்டும் ஒத்துப்போகாமல் கிடக்கட்டும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள்.

ஆறாம் படி: வேதம் தனக்குள்ளேயே பேசுவதைக் கேளுங்கள்

அந்த ஒரு வாரத்தில் நீதிமொழிகள் முழுவதையும் வாசித்தேன். 31 அதிகாரம், நாளுக்கு நாலைந்து போதும். 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள். 4: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே." 5: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு." கொடாதே என்பதற்கு ஒரு காரணம், கொடு என்பதற்கு ஒரு காரணம். எந்த மூடனிடம், எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று புத்தகம் சொல்லவில்லை. அதை வாசிக்கிறவனிடம் விட்டுவிட்டது. யோசிக்காமல் இந்த இரண்டுக்கும் ஒரே நேரத்தில் யாராலும் கீழ்ப்படிய முடியாது.

பிறகு உபாகமம் 21:18 முதல் 21 வரை. அடங்காத துஷ்டப்பிள்ளையை ஊர் வாசலுக்குக் கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்லச் சொல்கிற பகுதி. இதை யாரும் செய்வதில்லை. செய்யவேண்டும் என்று எந்தச் சபையிலும் நான் கேட்டதில்லை. பிரம்பு வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிற என் மாமியாரும் சரி, நானும் சரி, கல்லெறியும் வசனத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். அது அந்தக் காலத்துக்கு என்று எங்களுக்குள்ளேயே தீர்மானித்திருக்கிறோம். அப்படித் தீர்மானித்தது எங்கள் சொந்த புத்தி. அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது; சத்தம் காட்டாமல் செய்கிறது.

கடைசியாகக் கொலோசெயர் 3:21. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." திடனற்றுப்போவது. அந்தச் சொல்லை வாசித்தபோது சங்கீதத்தின் நடுவில் நின்றுபோன அவன் குரல் ஞாபகம் வந்தது.

ஏழாம் படி: "சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற பயம்

நீங்கள் இவ்வளவு தூரம் வந்தால், சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிற நீதிமொழிகள் 3:5ஐ யாராவது நினைவூட்டுவார்கள். உங்கள் மனச்சாட்சியே நினைவூட்டும். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். நம் புத்தி நமக்கு வேண்டியதைத்தான் முதலில் சொல்லும் என்பதை ஐந்தாம் படியில் நானே பார்த்தேன். ஆனால் அந்த வசனத்தை யோசிக்காதே என்று வாசித்தால், பவுல் சொன்னது அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த பெரோயா ஊரார் நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்வது ஏன்? மத்தேயு 4:6ல் பிசாசு சங்கீதம் 91ஐச் சொல்லித்தான் இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறான். இயேசு அந்த வசனம் எழுதியிருக்கவில்லை என்று சொல்லவில்லை. அதை இந்த இடத்தில் இப்படிப் பயன்படுத்த மறுக்கிறார்.

எட்டாம் படி: புத்தகத்துக்கு வெளியே போய் விசாரியுங்கள்

பிள்ளை விஷயத்தில் நான் பார்த்தது என் பிள்ளையை. அடிக்க ஆரம்பித்தபின் அவன் நோட்டை மறந்துவிட்டு வருவது குறையவில்லை. மறைப்பது கூடியது. இருபத்தைந்துக்கு நாலு வாங்கின பரீட்சைத் தாளைப் பாய்க்கு அடியில் கண்டெடுத்தேன். பள்ளியில் உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அவன் டீச்சர் ஸ்கேலை எடுத்திருந்தால் நான் போய் நியாயம் கேட்டிருப்பேன்.

உடல்நிலை சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் மற்ற படிகளையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இந்தப் படிக்கு வாருங்கள். எங்கள் பெரியம்மா ஒருத்தி சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்து, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று சொல்லிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான்கு மாதத்தில் காலில் புண். கட்டைவிரலை எடுக்கவேண்டி வந்தது. அவள் விசுவாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டோமே என்றுதான் இன்னும் வலிக்கிறது. அதே வேதத்தில் பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், 1 தீமோத்தேயு 5:23. லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைக்கிறார், கொலோசெயர் 4:14. ஜெபம் பண்ணுங்கள், மாத்திரையையும் போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ஒன்பதாம் படி: முடிவை உங்கள் பெயரில் எழுதுங்கள்

"வேதம் சொல்கிறது, அதனால்" என்று தொடங்காதீர்கள். "நான்" என்று தொடங்குங்கள். என் நோட்டில் உள்ளது இது: "வேதத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறது. நான் என் மகனை இனி அடிக்கப்போவதில்லை. இது என் முடிவு. தவறாக இருந்தால் தவறு என்னுடையது." தேதி போட்டேன். ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று காலண்டரிலும் குறித்தேன். நீங்கள் நேர்மாறாக முடிவெடுத்து வசனத்தின்படியே நடக்கத் தீர்மானித்தாலும் இப்படியே எழுதுங்கள். கீழ்ப்படிவதும் ஒருவர் எடுக்கிற முடிவுதான்.

பத்தாம் படி: வீட்டில் சொல்வது

விருந்தாளி இருக்கும்போது வேண்டாம். சண்டையின் நடுவில் வேண்டாம். எபிரெயச் சொல்லையெல்லாம் எடுத்து வீசவேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நான் மாமியாரிடம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னேன்.

"அத்தை, நீங்க சொன்ன வசனம் அங்க இருக்கு. அதுக்கு அதுதான் அர்த்தமும். ஆனாலும் நான் இனி அவன அடிக்கமாட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கர்த்தர்கிட்ட நீயே பதில் சொல்லிக்க" என்றார்கள்.

"சொல்லிக்கிறேன் அத்தை."

மர ஸ்கேல் இப்போது தையல் மிஷின் மேசையில் கிடக்கிறது. அவனுக்குப் பத்து வயதாகிவிட்டது. நோட்டை இன்னும் மறக்கிறான், ஆனால் வந்து சொல்லிவிடுகிறான். போன மாதம் மாமியார் தாங்களாகவே என் நோட்டைக் கேட்டார்கள். சபையில் ஸ்திரீகள் பேசாமலிருக்கவேண்டும் என்று இருக்கிறதே, 1 கொரிந்தியர் 14:34, அதையும் இப்படிப் பார்க்க முடியுமா என்றார்கள். அதே நிருபத்தில் 11:5ல் ஸ்திரீகள் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்லுவதும் வருகிறது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது மூன்றாம் படியில் இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் இந்த இரண்டு வசனங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம்.